மூன்று மில்லிமீட்டர்

கானாடுகாத்தானில் இந்த அறையை நாங்கள் பிடித்தது
சுவருக்காக.
இரண்டடி கனம். வெளியே சித்திரை நாற்பதைத் தொட்டாலும்
உள்ளே தெர்மாமீட்டர்
அரை டிகிரி அசையாது.
வாடகைப் பத்திரத்தில் பதினொரு கையெழுத்து.
மீதி முப்பத்தேழு பங்காளிகள்
கோலாலம்பூரிலும் கோர்ட்டிலும்.

சீர்ப் பாத்திரம் அடுக்கிய அறையாம்.
இப்போது அதன் உத்தரத்திலிருந்து
ஒரு டங்ஸ்டன் இழை தொங்குகிறது.
கட்டி முடிக்க செலினுக்கு மூன்று நாளும்
ஒன்பது இழையும் ஆனது,
எட்டு அறுந்து.
இழையில் ஒரு குறுக்குச் சட்டம்,
சட்டத்தின் இரு முனையிலும்
சுண்டைக்காய் அளவு ஈயக்குண்டு.
பக்கத்தில், தொடாமல்,
மாதுளை அளவில் பெரிய குண்டுகள் இரண்டு.

"முறுக்குத் தராசா? எத்தனை கிலோ நிக்கும்?"
என்றார் வாட்ச்மேன் பெரியகருப்பன்.
ஒரு கிலோ வைத்தால் அறுந்து விழும் அண்ணே.
இது கனம் பார்ப்பதில்லை.
பெரியது சின்னதை எவ்வளவு இழுக்கிறது,
அதற்கு இழை எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது,
அவ்வளவுதான்.
"சம்பந்தி மாதிரி" என்றார்.
ஆமாம் என்று வைத்துக்கொண்டோம்.

முதல் வாரம் சுவரோடு சண்டை.
சின்னக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் சிவப்புப் புள்ளி
எதிர்ச் சுவரில் விழுந்து
அங்கிருந்து தெறித்துப் பக்கத்துச் சுவரிலும் நின்றது.
முட்டை வெள்ளை சேர்த்து மெழுகிய சுண்ணாம்பு,
அதுவே ஒரு கண்ணாடி.
பழுப்பு உறைத்தாள் ஒட்டி
அதன்மேல் அளவுகோலை ஒட்டினோம்.
மினுக்கம் அடங்கியது.

இரண்டாம் வாரம் எங்களோடு.
உள்ளே ஆள் நின்றால் புள்ளி அலைகிறது:
மூச்சு, உடம்புச் சூடு, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு
மாறி நிற்பது.
அளக்கிறவர் இல்லாத அறையில்தான் அளவு.
கதவைச் சாத்திவிட்டு
அடுத்த அறையிலிருந்து ஜன்னல் கம்பி வழியே
தொலைநோக்கியில் படித்தோம்.
ராத்திரி ரயில் செட்டிநாடு ஸ்டேஷனைத் தாண்டினால்
இருபது நிமிஷம் கணக்கில் சேராது.

வியாழக்கிழமை அடைக்கப்பன் வந்தார்,
நாற்பத்தெட்டில் ஒரு பங்கு,
கோயம்புத்தூரிலிருந்து, கார் வைத்துக்கொண்டு,
பர்மாத் தேக்கில் ஆணி அடித்தோமா என்று பார்க்க.
அடிக்கவில்லை, கிளாம்ப்தான்.
தொட்டுப் பார்த்தார். நான் கத்தியிருக்க வேண்டும்.

"எவ்வளவு இழுக்குது?"
ஒரு குன்றிமணியைப் பதினேழு லட்சம் பங்கு போட்டால்
அதில் ஒரு பங்கின் எடை.
"எங்க வீட்டைவிட மோசமா இருக்கே"
என்று சிரித்தார்.
பிறகு சிரிப்பை நிறுத்தி,
"இது என்னையும் இழுக்குமா?"
இழுக்கும்.
"நான் இதை?"
அதே அளவு.
"அதே அளவா?"
பாகப்பிரிவினைப் பத்திரத்தில்
இரு பக்கமும் சரி என்று எழுதியிருந்தால்
எப்படி மறுபடி படிப்பார்களோ, அப்படிக் கேட்டார்.
அதே அளவு, என்றாள் செலின்.
பதினொரு நிமிஷம் நின்றார். போனார்.

புள்ளி திரும்பி வரவில்லை.
நான்கு மணி நேரம் காத்திருந்தோம்,
விளக்கணைத்து, காபி ஆறி.
ஊசலாட்டம் அடங்கிப் புள்ளி நின்றது,
ஆனால் பழைய பூஜ்யத்தில் இல்லை.
சூடு, என்றாள் செலின்.
சூடென்றால் இதற்குள் ஆறியிருக்கும், என்றேன்.
கிளாம்ப் நகர்ந்திருக்கும். அல்லது இழை
தன் வரம்பைத் தாண்டிக் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருக்கும்.
யாரும் ஈர்ப்பு என்று சொல்லவில்லை.
எண்பது கிலோவுக்கு அந்தத் தூரத்தில்
அவ்வளவு வராது; கணக்குப் போட்டே பார்த்தேன்.

நோட்டில் எழுதியது:
பகல் 3.40. பார்வையாளர் ஒருவர்.
பூஜ்யம் மூன்று மி.மீ. கிழக்கே.
காரணம் என்ற கட்டத்தில்
செலின் எழுதி, அடித்து,
மறுபடி எழுதி, அடித்து வைத்திருக்கிறாள்.

இழையைத் தொடவில்லை.
அளவுகோலைப் பழுப்புத் தாளோடு உரித்து
மூன்று மில்லிமீட்டர் தள்ளி ஒட்டினோம்.
அன்றைக்கு ரயில் பன்னிரண்டு நிமிஷம் லேட்.